பினாங்குக்கு வரும் பயணிகள் தடுமாறும் இடம்: நிலத்துக்கு எழுத்து இருந்த தமிழரும் இல்லாத தமிழரும்

இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் கதவைத் திறந்துவிட்ட பிறகு, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் சரளமாகக் காதில் விழுகின்றன. வருகிறவர்கள் மூன்று நாள் சுற்றுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், ஊர் திரும்பி எழுதுகிறார்கள். அந்தப் பயணக் குறிப்புகளில் நான்கு வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. "எங்கே பார்த்தாலும் தமிழ்! சோழன் பிடித்த கடாரம் அல்லவா இது."
2. "இங்குள்ள தமிழர்கள் எல்லாரும் ரப்பர் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்."
3. "நம்ம ஊர்த் தைப்பூசமே இதற்கு முன்னால் ஒன்றுமில்லை."
4. "நூறு வருஷக் கோயிலைக்கூட நகர்த்தச் சொல்கிறார்களாமே, இது என்ன அநியாயம்?"

நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வேலைக்கு, வெவ்வேறு நிபந்தனையில் வந்து இறங்கிய தமிழர்களை எல்லாம் ஒரே கப்பலில் ஏற்றிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. யார் எப்போது வந்தார்கள் என்பதோடு, வந்தவர் கால் வைத்த நிலத்துக்கு அவர் பெயரில் எழுத்து இருந்ததா என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். பட்டா என்று நீங்கள் சொல்வதை இங்கே மலாயில் 'கெரான்' என்பார்கள். கீழே வருவதெல்லாம் ஒருவகையில் அந்தக் காகிதத்தின் கதைதான்.

சோழர் கதை எவ்வளவு தூரம் செல்லும்

கடாரம் என்பது கெடா. பினாங்குத் தீவுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் வடக்கே இருக்கும் மாநிலம். முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது, தஞ்சைக் கல்வெட்டில் அந்தப் பட்டியலில் கடாரமும் இருக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்தக் கட்டுமானங்களின் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன, சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கு உலைகள் கிடைத்திருக்கின்றன. அதற்கும் முன்னால், ராஜராஜன் காலத்திலேயே ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் எழுதிக் கொடுத்தான். போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தது என்று பொருள்.

ஆனால் படையெடுப்பு வேறு, குடியேற்றம் வேறு. சோழர் படை வந்தது, அடித்தது, திரும்பியது. இன்றைக்கு ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் கடை வைத்திருப்பவருக்கும் அந்தப் படைக்கும் அறுபடாத தொடர்ச்சி என்று ஒன்றைக் காட்ட முடியாது. தொடர்ச்சியாக வந்தது வாணிபம்தான். அதற்கு மலாய் மொழியே சாட்சி: கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது, கட்டில், பெட்டி, முதல் போன்ற சொற்கள் எல்லாம் உள்ளே போயின. சும்மா கூட 'சுமா' என்று உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கப்பலில் ஏறி, பெட்டியை இறக்கி, முதல் போட்டுக் கடை திறந்த மனிதர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இவை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் என்று குறிக்கப்பட்ட பழைய கோயில் இடிபாடு ஒன்று 2013ல் தரைமட்டமானது. அது நின்றது தனியார் நிலம், வீடு கட்ட நிலத்தைத் துப்புரவு செய்தபோது அதுவும் போய்விட்டது. பல நூற்றாண்டு வயது அந்தக் கல்லைக் காப்பாற்றவில்லை.

கப்பல்காரர்கள்: ரப்பர் தோட்டம் வருவதற்கு நூறு வருஷம் முன்பே

பினாங்கின் இன்றைய கதை 1786ல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் என்ற வணிகக் கப்பல் தலைவர் ஆகஸ்ட் 11 அன்று தீவில் கொடி ஏற்றினார். சயாம் (இன்றைய தாய்லாந்து) தாக்கினால் கம்பெனி துணைக்கு வரும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் இடம் கொடுத்தார். அந்த உறுதிமொழியைக் கம்பெனி ஏற்கவே இல்லை. ஏமாந்த சுல்தான் 1791ல் தீவைத் திரும்பப் பிடிக்க முயன்று தோற்றார், கடைசியில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று பேசி முடித்தார்கள். 1800ல் எதிர்க்கரையையும் சேர்த்து அது 10,000 ஆனது. பினாங்குக்காகக் கெடாவுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இந்தத் தீவே ஒரு தகராறான எழுத்தின் மேல்தான் மிதக்கிறது என்று இங்கே கேலியாகச் சொல்வதுண்டு.

லைட் வந்தபோது தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஏற்கெனவே கெடாவில் இருந்தார்கள். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்று சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்து, மிளகும் தகரமும் பாக்கும் ஏற்றிப் போனவர்கள். (பினாங் என்றாலே மலாயில் பாக்கு, பாக்குத்தீவு என்பதுதான் இந்த ஊரின் பெயர்.) இவர்களைத்தான் ஆங்கிலேயர் 'சூலியா' என்று எழுதினார்கள், சோழம் என்பதோடு தொடர்புபடுத்தப்படும் சொல். புது ஊரில் சுங்கம் கிடையாது என்றதும் இவர்கள் கெடாவிலிருந்து கடலைத் தாண்டி வந்துவிட்டார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து போவதாக லைட்டே 1794ல் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது பெரிய கூட்டம்.

இவர்கள் வேர் பிடித்ததற்கு இரண்டு காரணங்கள்.

1. காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வந்தால் வடகிழக்குக் காற்று தொடங்கும் வரை திரும்ப முடியாது. இடையில் மாதக்கணக்கில் தங்கித்தான் ஆகவேண்டும். தங்குகிறவர்களில் சிலர் மலாய்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அந்தக் குடும்பங்கள்தான் 'ஜாவி பெரானாக்கான்', உள்ளூர் வழக்கில் 'ஜாவி பெக்கான்'. மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் 1876ல் சிங்கப்பூரில் இந்தச் சமூகத்தின் பெயரிலேயே வந்தது.

2. நிலம். காட்டை வெட்டித் துப்புரவு செய்தவருக்கே நிலம் என்பதுதான் லைட் காலத்து வழக்கம். முதலில் வந்தவருக்கு முதல் பங்கு. 1801ல் கம்பெனி ஆட்சி 'கப்பித்தான் கெலிங்' காதர் மொகிதீனின் பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் கொடுத்தது. அதே ஆண்டில் தென்னிந்தியர்களின் தலைவராக இருந்த பெட்டி லிங்கம் செட்டி பெயரில் குயீன் தெருவில் கோயிலுக்கும் இடம் கிடைத்தது, அங்கேதான் 1833ல் இன்றைய மகா மாரியம்மன் கோயில் உருவானது.

கப்பித்தான் என்பது ஒவ்வொரு சமூகத்துக்கும் அரசு ஏற்ற தலைவர். 'கெலிங்' என்ற சொல் விவகாரமானது. கலிங்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள், ஒரு காலத்தில் தென்னிந்தியர் என்ற அளவில் சாதாரணச் சொல். இன்றைக்கு ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அது வசவு. பள்ளிவாசல் பெயரிலும் தெருப்பெயரிலும் இருக்கிறதே என்று ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) சத்தமாகச் சொல்லிப் பார்க்கவேண்டாம். வீடியோவில் சொல்லிச் சிரித்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் மூலையில் சின்னதாக ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவருக்குக் கடல்கடந்து கட்டிய நினைவிடம். புயலிலிருந்து காப்பவர் என்று கப்பல்காரர்கள் நம்பிய பெரியவர் என்பதால், அவர்கள் இறங்கிய துறைமுகத்தில் அவருக்கு ஓரிடம் இருப்பதில் வியப்பில்லை. முக்கால்வாசிப் பயணிகள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள், அடுத்த தெருவில் சாப்பாடு கூப்பிடுகிறது.

சாப்பாடு என்றதும் நாசி கண்டார். 'கண்டார்' என்றால் காவடித் தடி, தோளில் போட்டு இருபக்கமும் பாரம் தூக்குவது. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் கண்ட உணவு அது. கடைக்காரரை 'மாமா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் 'மாமாக்' என்ற சொல் பிறந்தது. இராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பின்னாளில் வந்தவர்கள் பலர் இந்தத் தொழிலில் இறங்கினார்கள்.

"அந்த மாமாக் கடைக்காரர் நன்றாகத் தமிழ் பேசுகிறார், ஆனால் தன்னை மலாய்க்காரர் என்கிறாரே" என்பது அடுத்த குழப்பம். மலேசிய அரசமைப்பின் 160ஆம் பிரிவு மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கிறது: இஸ்லாமியராக இருக்கவேண்டும், வழக்கமாக மலாய் பேசவேண்டும், மலாய் வழக்கங்களைப் பின்பற்றவேண்டும். பாட்டன் எந்த இனத்தவர் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு மூன்று தலைமுறை இங்கே வாழ்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்று காகிதத்தில் மலாயாகவும் அடுப்படியில் தமிழாகவும் இருக்கமுடியும். அதே குடும்பத்தின் இன்னொரு கிளை இந்தியர் என்று பதிந்திருப்பதும் உண்டு. அதனால் மக்கள்தொகைக் கணக்கின் 'இந்தியர்' என்ற எண்ணை வைத்துத் தமிழர் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

கைதிகள்

இவர்களைப் பற்றிப் பயணக் குறிப்புகளில் ஒரு வரிகூட வருவதில்லை. 1790கள் தொடங்கி இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளைக் கம்பெனி பினாங்குக்கு நாடு கடத்தியது. பழைய சாலைகள், அரசுக் கட்டடங்கள், 1818ல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என்று பலவற்றில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கும்போது நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவர்கள் பெயரில் எந்தத் தெருவும் இல்லை.

கிட்டங்கி: பணம் வந்து போன வழி

கிட்டங்கி என்றால் சரக்கறை. பினாங்கு தெருவைத் தமிழர்கள் கிட்டங்கித் தெரு என்றும், மார்க்கெட் தெருவைக் கடைத்தெரு என்றும் அழைத்தார்கள். ஒரே நீண்ட கட்டடத்தில் வரிசையாக மரப்பெட்டிகளை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய நகரத்தார்களின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) இடம் அது. வங்கிகள் சீண்டாத ஆட்களுக்கு, தகரச் சுரங்கம் தோண்டும் சீனருக்கும் சின்ன ரப்பர்த்தோட்டம் வைத்திருந்த மலாய்க்காரருக்கும், கடன் கொடுத்தவர்கள் இவர்கள். வந்தவர் பெரும்பாலும் முதலாளியின் ஏஜண்டு. மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். குடும்பத்தைக் கூட்டிவருவது அரிது.

கடன் வசூலாகாதபோது நிலம் கைமாறியது, செட்டியார்களிடம் நிறைய நிலம் சேர்ந்தது. மலாய்க்காரர் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்க 1913ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு இப்படிக் கைமாறியதும் ஒரு காரணம். சட்டத்தின் நியாய அநியாயத்தைத் தனியாகப் பேசலாம். 1930களின் பொருளாதாரச் சரிவு, அப்புறம் ஜப்பானியர் காலம், அப்புறம் சுதந்திரம் என்று வந்ததில் பலர் விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கோயில் சொத்து மட்டும் அறக்கட்டளைப் பெயரில் அப்படியே நிற்கிறது.

தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு தெருக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் வெள்ளி ரதம் அவர்களுடையதுதான். காரைக்குடியில் செய்து 1894ல் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. வழியெல்லாம் தேங்காய் மலை போல் குவித்து உடைப்பதில் சீனர்கள் பெரும்பங்கு, இதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் வாய் பிளக்கிறார்கள். 2017 முதல் தங்க ரதமும் ஒன்று வருகிறது, அது மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு, 513 படி ஏறவேண்டும். இரண்டு ரதம் ஏன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: செட்டியார் கோயில் தனி, மலைக்கோயில் தனி, நிர்வாகமும் தனி.

"நம்ம ஊரைவிடப் பெரிது" என்பது கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் அறுபடைவீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அரசு விடுமுறையைப் பார்த்துச் சொன்னால் சரி. பினாங்கில் தைப்பூசம் நெடுங்காலமாகப் பொதுவிடுமுறை, தமிழ்நாட்டில் 2021ல்தான் வந்தது.

தோட்டம்: இங்கேதான் கதை கனக்கிறது

இனி இரண்டாவது வரிக்கு வருவோம். மலேசியத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையினரின் வேர் தோட்டத்தில்தான் என்பது உண்மை. எல்லாரும் ரப்பருக்கு வந்தார்கள் என்பதும், எல்லாரும் ஒரே மாதிரி வந்தார்கள் என்பதும் சரியில்லை.

முதலில் கரும்பு. தீவுக்கு எதிரே இருக்கும் செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அங்கே வேலைக்கு நாகப்பட்டினம் வழியாக ஒப்பந்தத் தொழிலாளிகள் வந்தார்கள். கப்பல் கூலியை முன்பணமாகக் கொடுத்து, அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், ஒப்பந்தக் காலம் முடியும் வரை முதலாளியை விட்டுப் போகமுடியாது. போனால் அது குற்ற வழக்கு, சிறை. கடனைத் திருப்பவில்லை என்ற உரிமையியல் (சிவில்) தகராறாக அதை யாரும் பார்க்கவில்லை. இந்த முறையில் ஆள் எடுப்பது 1910ல் நின்றது.

அடுத்து கங்காணி முறை. பிரேசிலில் இருந்து எடுத்த ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்தில் நாற்றாகி 1877ல் சிங்கப்பூருக்கு வந்து, மோட்டார் வண்டிகளின் டயருக்காக உலகம் ரப்பர் கேட்கத் தொடங்கியதும் ஆள் தேவை எகிறியது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவருக்கு உரிமம் கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்பி, தெரிந்தவர்களைக் கூட்டிவரச் சொன்னார்கள். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. 1907ல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி வைத்து, அதிலிருந்து கப்பல் செலவைக் கொடுத்தார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், இந்தப் பக்கம் இறங்கியதும் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். 1926ல் கட்டிய ரஜூலா கப்பலைப் பற்றி இங்கே தாத்தா பாட்டிகள் சொல்லாத கதை இல்லை. தொழிலாளிகளை உதவிப் பணத்தில் அனுப்புவதை இந்திய அரசு 1938ல் தடை செய்தது.

கங்காணி தன் ஊர்க்காரர்களையே கூட்டிவந்தார் என்பதிலிருந்து மூன்று விளைவுகளைப் பிடிக்கலாம்.

1. ஊரே பெயர்ந்து வந்தது. உறவு, சாதி, குலதெய்வம் எல்லாம் கூடவே வந்தன. அதனால்தான் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன், ஒரு முனீஸ்வரர், ஒரு மதுரைவீரன். தீமிதியும் அலகுக் காவடியும் இங்கே இத்தனை உயிர்ப்போடு இருப்பது அந்தக் கிராமங்கள் கொண்டுவந்த சொத்து.

2. தோட்டம் ஒரு மூடிய உலகமாயிற்று. விடிவதற்கு முன் 'பெரட்டு' என்ற ஆள் கணக்கு, அப்புறம் பால்மரம் வெட்டு (ரப்பர் மரப் பட்டையைக் கீறுவது), 'மங்கு' என்ற கிண்ணத்தில் வடியும் பாலைச் சேகரிப்பது, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுவது, கணக்கெழுத ஒரு கிராணி. தங்குவது வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். வீடு, கோயில், பள்ளி, மருந்தகம், சுடுகாடு அத்தனையும் கம்பெனி நிலத்தில். தொழிலாளி பெயரில் ஒரு சாண் நிலம் கிடையாது.

3. பள்ளியும் அப்படித்தான். மலாயாவில் தமிழ் வகுப்பு முதன்முதலில் 1816ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது, இருநூறாம் ஆண்டை 2016ல் கொண்டாடினோம். ஆனால் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது, போதிய பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1912 தொழிலாளர் சட்டம் சொன்ன பிறகுதான். இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அவற்றில் 'முழு உதவி', 'பகுதி உதவி' என்று இரண்டு வகை கேள்விப்பட்டிருப்பீர்கள். அரசு நிலத்தில் நின்றால் கட்டடச் செலவை அரசு முழுக்க ஏற்கும், தனியார் நிலத்தில் நின்றால் வகை வேறு. பழைய தோட்டப் பள்ளி பல இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

ஜப்பானியர் காலத்தில் சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து இழுத்துப் போனவர்களில் திரும்பாதவர் எத்தனையோ பேர். ஒரு பத்தியில் அடைக்கும் விஷயமில்லை என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. துண்டாடல் என்பார்கள். நிலம் கைமாறினால் வேலையோடு வீடும் போகும். இதற்கு மாற்றாகத்தான் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்குவது. நிலத்துக்கு எழுத்து வேண்டும் என்று தோட்டத் தமிழருக்கு அமைப்பாகத் தோன்றிய பெரிய முயற்சி அது.

இன்னொரு காகிதமும் இருந்தது: குடியுரிமை. 1968ல் வந்த சட்டம் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் கேட்டது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர்கள்கூட அந்த நேரத்தில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். உங்கள் மாவட்டத்தில் 'மலேயாக்காரர் வீடு' என்று ஏதாவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

மேசைத் தமிழர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்து, ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணிகளாக உட்கார்ந்த இலங்கைத் தமிழர் ஒரு தனி அடுக்கு. பினாங்கைவிடக் கோலாலம்பூரில், குறிப்பாக பிரிக்பீல்ட்ஸ் பக்கம், அவர்களின் தடம் அதிகம். சம்பளமும் ஓய்வூதியமும் இருந்ததால் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளை மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் படிக்கவைத்தார்கள். தோட்டத் தமிழருக்கும் இவர்களுக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பற்றி இரண்டு தரப்பிலும் கசப்பான கதைகள் உண்டு.

இப்போது நாலாவது கேள்வி: கோயில் ஏன் நகர்கிறது

2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் நூற்றாண்டு தாண்டிய பத்ரகாளியம்மன் கோயில் இடமாற்றம் செய்தியானபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த எதிர்வினைகள் இதை முழுக்க மதச்சண்டையாகப் பார்த்தன. அரசியல் இல்லை என்று சொல்ல வரவில்லை, நிறையவே இருந்தது. ஆனால் அடியில் இருப்பது நிலச்சட்டம். அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. மலேசியாவில் நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். எத்தனை வருஷம் அனுபவித்தாலும் அனுபவம் உரிமையாக மாறாது.

2. பினாங்கு குயீன் தெருக் கோயிலுக்கு 1801ல் எழுத்து கிடைத்தது. பினாங்கில் இந்து, முஸ்லிம் அறக்கொடைச் சொத்துகளைக் கவனிக்க 1905லேயே ஒரு சட்டம் வந்து, வாரியமும் அமைந்தது. காகிதமும் காவலாளும் இரண்டும் உண்டு.

3. தோட்டக் கோயிலுக்கும், ரயில்வே, பொதுப்பணித் தொழிலாளிகள் வரிசை வீட்டுப் பக்கத்தில் எழுப்பிய கோயிலுக்கும் வாய்மொழி அனுமதிதான். துரை தலையாட்டினார், சிமெண்டும் கொடுத்திருப்பார். எழுதிக் கொடுக்கவில்லை.

4. நிலம் விற்பனையாகிறது. புது உரிமையாளர் வருகிறார். கோயில், சட்டத்தின் கண்ணில், இன்னொருவர் நிலத்தில் நிற்கும் கட்டடம். மாற்று இடம், இழப்பீடு என்று பேச்சு நடக்கும், ஒவ்வொரு முறையும் தெருவில் போராடித்தான் அதுவும்.

மனிதர்களுக்கும் இதே விதிதான். பினாங்கு குளுகோரில் கம்போங் புவா பாலா என்று மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கம்பம் (கிராமம்) ஒன்று இருந்தது. பழைய தோட்டக்காரக் குடும்பம் எங்களுக்காக விட்டுப்போன நிலம் என்பது அவர்கள் வாதம், நீதிமன்றப் படியெல்லாம் ஏறி, கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்று, 2009ல் வீடுகள் இடிந்தன.

ஊருக்குள் கடைவீட்டில் இருந்தவர்களுக்கு வேறு ஒரு காகிதம் சிலகாலம் குடை பிடித்தது. 1966ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்தது. வாடகை ஏறாததால் இடித்துக் கட்டுவதில் லாபம் இல்லை, இன்று யுனெஸ்கோ பட்டியலில் (2008 முதல்) இருக்கும் அந்த வீடுகள் பிழைத்ததற்கு இது பெரிய காரணம். 2000 ஜனவரியில் பினாங்கில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை எகிறியது, தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். நீங்கள் காபி குடிக்கும் அழகான பழைய வீட்டின் மாடி ராத்திரி ஏன் இருட்டாக இருக்கிறது என்பதற்கு விடை இது.

நடந்து பார்க்க ஒரு வரிசை

காலையில் பசியாறிவிட்டு நாகூர் தர்காவில் தொடங்குங்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அங்கிருந்து குயீன் தெரு மாரியம்மன், அப்புறம் கிட்டங்கித் தெரு. ஒரு மணி நேரம் போதும். இந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பது அத்தனையும் எழுத்து இருந்தவர்கள் கட்டியது. பெரும்பாலான பயணக் குறிப்புகள் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன, "கூலிகளாக வந்து இவ்வளவு கட்டியிருக்கிறார்களே" என்ற ஆச்சரியத்தோடு. கட்டியவர் வேறு, கூலியாக வந்தவர் வேறு.

கூலியாக வந்தவரின் இடத்தைப் பார்க்கக் கடலைத் தாண்டவேண்டும். 2014ல் திறந்த இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர், அந்தப் பக்கம் பத்து காவானில் இறங்குகிறது. ஒருகாலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று இருந்த நிலம், இன்று மின்னணுத் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும். அங்கிருந்து ஈப்போ வரை நெடுஞ்சாலை ஓரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பல பலகைகளில் பெயருக்கு முன்னால் 'லாடாங்' என்று இருக்கும். லாடாங் என்றால் தோட்டம். சுற்றிலும் பார்த்தால் மரம் ஒன்றும் இருக்காது.